மைதானத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட மகள்

தியானப் பகுதி: எண்ணாகமம் 27:1-11



இந்த வாரச் சிந்தனையை என் தவறு ஒன்றை அறிக்கையிட்டுத் தொடங்குகிறேன். சென்ற அறுப்பின் பண்டிகையை ஒட்டி நம் சபையில் விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. வாலிபப் பிள்ளைகளுக்குக் கால்பந்து. பெண்பிள்ளைகளுக்கு எலுமிச்சை ஸ்பூன் ஓட்டம், இசை நாற்காலி, கோலப் போட்டி. ஆண்டுதோறும் இதுவே வழக்கம். போட்டிகளுக்கு இரு வாரங்களுக்கு முன்பு, எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு மகள் ஆராதனை முடிந்தபின் என்னிடம் வந்து, "ஐயா, எங்களுக்கும் கால்பந்து வைப்பீங்களா? நாங்க ஏழு பேர் இருக்கோம்" என்று கேட்டாள். நான் சிரித்துக்கொண்டே, "அடுத்த வருஷம் பார்க்கலாம்மா" என்றேன். அவள் தலையசைத்துவிட்டுப் போனாள்.

நான் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. தடுக்கவும் இல்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் "அடுத்த வருஷம்" என்று நாம் எத்தனை பேரிடம், எத்தனை காரியங்களுக்காகச் சொல்லியிருக்கிறோம்! அந்த அடுத்த வருஷம் பெரும்பாலும் வருவதேயில்லை. அவளும் அதை அறிந்திருப்பாள்.

சில நாட்கள் கழித்து, வீட்டில் என் மகன் கால்பந்து ஆட்டம் ஒன்றின் பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தான். 2025 ஆகஸ்ட் 2 அன்று ஈக்வடார் நாட்டின் கீட்டோ நகரில் நடந்த கோப்பா அமெரிக்கா மகளிர் இறுதிப் போட்டி அது. பிரேசில் அணி கொலம்பியாவிடம் தோற்கும் நிலையில் இருந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் மாற்று வீராங்கனையாகக் களமிறங்கிய ஒருவர், கூடுதலாகக் கொடுக்கப்பட்ட நேரத்தின் ஆறாவது நிமிடத்தில், பெனால்டி எல்லைக்கு வெளியிலிருந்து பந்தை உதைத்து வலைக்குள் சேர்த்தார். ஆட்டம் சமமாயிற்று. "அப்பா, இவங்களுக்கு 39 வயசு" என்றான் மகன். அந்த வீராங்கனை மார்த்தா வியேரா டா சில்வா. உலகம் அவரை மார்த்தா என்ற ஒற்றைப் பெயரால் அறியும். நம் வேதாகமத்தில் வரும் மார்த்தாளின் பெயரே அது.

அந்த மார்த்தாவின் வாழ்க்கையை அதன்பின் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, என்னிடம் வந்து நின்ற அந்த எட்டாம் வகுப்பு மகளின் முகமே கண்முன் நின்றது.

மார்த்தா 1986 பிப்ரவரி 19 அன்று, பிரேசிலின் வடகிழக்கிலுள்ள அலகோவாஸ் மாநிலத்தில், தோயிஸ் ரியாச்சோஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். மழை பொய்க்கும் வறண்ட நிலம் அது. அவர் கைக்குழந்தையாய் இருக்கும்போதே தகப்பன் குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். தாய் தெரேசா நான்கு பிள்ளைகளையும் தனியாக உழைத்து வளர்த்தார். தெருவில் பையன்கள் விளையாடிய கால்பந்தில் சேர்ந்துகொண்ட ஒரே சிறுமி மார்த்தா. இது பெண்பிள்ளை செய்கிற காரியமா என்று ஊரார் பேசினர். உள்ளூர்ச் சிறுவர் அணியோடு ஒரு போட்டிக்குச் சென்றபோது, இந்தச் சிறுமி விளையாடினால் தன் அணியை விலக்கிக்கொள்வதாக எதிரணிப் பயிற்சியாளர் ஒருவர் கூறினார். போட்டியை நடத்தியவர்கள் அவர் பேச்சைக் கேட்டு, சிறுமியை வெளியே நிறுத்தினார்கள். அவள் நன்றாக ஆடியதுதான் அவர்களுக்கு இடறலாயிருந்தது.

இதை அந்த ஊராரின் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. அதன் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. 1941-இல் கெட்டூலியோ வர்காஸ் ஆட்சியில் பிரேசில் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பெண்களின் இயல்புக்குப் பொருந்தாத விளையாட்டுகளில் அவர்கள் ஈடுபடலாகாது என்பது அதன் சாரம். 1965-இல் அந்நாட்டின் விளையாட்டுக் குழு கால்பந்தைப் பெயர் சொல்லியே தடைப்பட்டியலில் சேர்த்தது. 1979-இல்தான் தடை நீங்கியது. இந்த ஆண்டுகளுக்குள்தான் பிரேசிலின் ஆண்கள் 1958, 1962, 1970 என மூன்று முறை உலகக் கோப்பையை வென்றார்கள். உலகமே அந்நாட்டைக் கால்பந்தின் தாய்வீடு என்று புகழ்ந்த காலத்தில், அந்த வீட்டின் மகள்கள் பந்தைத் தொடுவது குற்றமாயிருந்தது. பிரேசில் மட்டுமல்ல. இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் 1921-இல் தன் மைதானங்களில் பெண்கள் விளையாடக்கூடாது என்று விதித்து, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அதைக் காத்துக்கொண்டது. மேற்கு ஜெர்மனியிலும் 1955 முதல் 1970 வரை இதே நிலை.

தடை நீங்கி ஏழு ஆண்டுகளுக்குப் பின் பிறந்தவர் மார்த்தா. சட்டம் போய்விட்டது, சட்டம் மனிதரின் மனதில் எழுதிவைத்தது போகவில்லை. தடையை நீக்கக் கையொப்பம் ஒன்று போதும். மனதிலிருப்பதை நீக்க யாராவது ஒருவர் எல்லோர் முன்பாகவும் வந்து நின்று கேட்க வேண்டியிருக்கிறது.

அப்படி வந்து நின்று கேட்டவர்களை வேதம் நமக்குக் காட்டுகிறது. செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஐவர்: மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். இவர்களின் தகப்பன் வனாந்தரத்தில் இறந்தான். அவனுக்குக் குமாரன் இல்லை. அக்கால முறைமைப்படி நிலம் குமாரர் வழியாகவே செல்லும். ஆகவே அந்த ஐவருக்கும் காணியாட்சியில் பங்கில்லை. அவர்கள் கூடாரத்துக்குள் அழுதுகொண்டிருக்கவில்லை. ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலுக்கு வந்தார்கள். மோசேயும், ஆசாரியனாகிய எலெயாசாரும், பிரபுக்களும், சபையார் அனைவரும் கூடியிருந்த இடத்தில் நின்று, எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள்.

அங்கே மோசே செய்த காரியத்தைக் கவனியுங்கள். நியாயப்பிரமாணத்தைத் தன் கையில் பெற்றவர் அவர். "இது வழக்கமில்லை" என்று ஒரே வார்த்தையில் அவர்களை அனுப்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யாமல், அவர்களுடைய நியாயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் கொண்டுபோனார். அவர்கள் கேட்டது சரியென்று கர்த்தர் தீர்ப்பளித்தார். அந்த ஐவருக்கு மட்டுமான சலுகையாக அது நின்றுவிடவில்லை. அவர்களின் பின்வரும் பெண்களுக்கும் நியாயப்பிரமாணமாயிற்று. அவர்களின் பெயர்கள் வேதத்தில் ஒருமுறையல்ல, பலமுறை எழுதப்பட்டிருக்கின்றன. கேட்ட பெண்களின் பெயரைப் பரிசுத்த ஆவியானவர் மறக்கவில்லை.

நான் அன்று மோசேயைப் போல் நடக்கவில்லை. கர்த்தரிடம் கொண்டுபோகவில்லை; சேகரக் கமிட்டியிடம்கூடக் கொண்டுபோகவில்லை.

மார்த்தாவின் கதைக்குத் திரும்புகிறேன். பதினான்கு வயதில், ரியோ டி ஜெனீரோவிலுள்ள வாஸ்கோ ட காமா சங்கத்தின் மகளிர் அணித் தேர்வுக்காக, மூன்று நாட்கள் பேருந்தில் பயணம் செய்து தனியாகப் போனார். சேர்த்துக்கொள்ளப்பட்டார். பின்பு பதினெட்டு வயதில், வெயிலன்றி வேறறியாத அந்தப் பெண், பனி உறைந்த வட ஸ்வீடனிலுள்ள உமேயோ நகர அணியில் சேர்ந்தார். மொழி தெரியாது, உறவினர் இல்லை. அதே ஆண்டில் அந்த அணியோடு ஐரோப்பிய மகளிர் கோப்பையை வென்றார். 2006 முதல் 2010 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் உலகின் தலைசிறந்த வீராங்கனை விருது அவருக்கே கிடைத்தது. 2018-இல் ஆறாவது முறையும் அவருக்கே.

இத்தனை புகழுக்கு நடுவே அவர் பட்ட பாடும் உண்டு. உலகின் முதல்தர வீராங்கனையாக அமெரிக்கா சென்றவர், 2009, 2010, 2011 ஆகிய மூன்று ஆண்டுகளில் மூன்று அணிகளில் ஆடினார். லாஸ் ஏஞ்சல்ஸ் அணி ஓராண்டிலேயே மூடப்பட்டது. அடுத்த அணி கோப்பையை வென்றபின் மூடப்பட்டது. மூன்றாவது அணியும் கோப்பையை வென்றது. அதன்பின் அந்தத் தொடர் போட்டியே நின்றுபோயிற்று. மீண்டும் ஸ்வீடனுக்குப் போய் டீரெசோ என்ற அணியில் சேர்ந்தார். 2014-இல் அந்த அணி ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி வரை சென்றது. அதே ஆண்டில் கடனில் மூழ்கியது. பெண்கள் ஆடும் ஆட்டத்துக்குப் பணம் போட ஆளில்லை என்பதே இவற்றின் பொதுவான காரணம். உலகிலேயே சிறந்தவர் என்று மேடையில் பட்டம் சூட்டப்பட்டவருக்கு, அடுத்த ஆண்டு எந்த ஊரில் வேலை என்பது உறுதியில்லாமல் இருந்தது.

அவரை ஊடகங்கள் "பாவாடை அணிந்த பெலே" என்று அழைத்தன. அன்போடு சொன்னதே என்றாலும், அந்தப் புகழ்ச்சி எனக்கு உறுத்துகிறது. ஒரு பெண்ணின் திறமையை ஓர் ஆணின் பெயரால்தான் அளக்க முடியும் என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. நம் சபைகளிலும் நன்றாக நிர்வாகம் செய்யும் சகோதரியை, "ஆம்பிளை மாதிரி செய்வாங்க" என்று பாராட்டுகிறோம். தேவன் அவர்களை வேறொருவரின் சாயலாகப் படைக்கவில்லை. தம்முடைய சாயலாகவே படைத்தார். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை நாம் உண்மையாகவே விசுவாசித்தால், இந்தப் பேச்சை நிறுத்த வேண்டும்.

2019-இல் பிரான்சில் நடந்த உலகக் கோப்பையில் மார்த்தா தமது 17-ஆவது உலகக் கோப்பைக் கோலை அடித்தார். அன்று ஆண்கள் உலகக் கோப்பையின் சாதனையோ 16. ஐந்து உலகக் கோப்பைகளில் கோல் அடித்தவராகவும் அவர் ஆனார். அந்தப் போட்டிகளில் அவர் அணிந்திருந்த காலணியில் எந்த நிறுவனத்தின் சின்னமும் இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமத்துவம் வேண்டும் என்பதைக் குறிக்கும் அடையாளம் ஒன்று மட்டுமே அதில் இருந்தது. மறு ஆண்டு, தேசிய அணியின் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே அளவில் ஊதியம் வழங்குவதாகப் பிரேசில் கால்பந்துக் கூட்டமைப்பு அறிவித்தது. அதற்கு மார்த்தா ஒருவரே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவரைப் போன்றவர்கள் கேட்காமல் அது நடந்திருக்காது.

சிலர் கேட்கலாம்: "ஐயா, இத்தனை சாதித்தவரைப் பற்றிச் சொல்கிறீர்கள். எல்லாப் பிள்ளைகளும் மார்த்தா ஆகிவிடுவார்களா?" நியாயமான கேள்வி. இங்கேதான் என் இருதயத்தை மிகவும் தொட்ட பகுதி இருக்கிறது.

மார்த்தா இதுவரை உலகக் கோப்பையை வென்றதில்லை. 2007-இல் ஷாங்காயில் நடந்த இறுதிப் போட்டியில் ஜெர்மனியிடம் பிரேசில் தோற்றது. ஆட்டத்தைச் சமன் செய்யக் கிடைத்த பெனால்டியை உதைத்தவர் மார்த்தா. கோல்காப்பாளர் அதைத் தடுத்துவிட்டார். அந்தத் தொடரின் சிறந்த வீராங்கனை விருதும், அதிக கோல்களுக்கான விருதும் அவருக்கே கிடைத்தன, கோப்பை கிடைக்கவில்லை. ஒலிம்பிக்கில் 2004, 2008, 2024 என மூன்று முறை இறுதிப் போட்டியில் ஆடினார். மூன்று முறையும் அமெரிக்காவிடம் தோற்று வெள்ளிப் பதக்கமே பெற்றார். 2023 உலகக் கோப்பையில் ஜமைக்காவுடனான ஆட்டம் கோலின்றி முடிந்து, முதல் சுற்றோடு பிரேசில் வெளியேறியது.

அந்த ஆட்டத்துக்கு முன் மெல்போர்ன் நகரில் பத்திரிகையாளர்களிடம் பேசும்போது மார்த்தா கண்ணீர் விட்டார். தாம் விளையாடத் தொடங்கிய நாட்களில் முன்மாதிரியாகப் பார்ப்பதற்கு ஒரு பெண்கூடத் தமக்கு இருந்ததில்லை என்றும், இப்போதோ தங்கள் மகள் உங்களைப் போல் ஆக விரும்புகிறாள் என்று பெற்றோர் தம்மிடம் வந்து சொல்கிறார்கள் என்றும் கூறினார். 2019-இல் பிரான்ஸிடம் தோற்ற இரவிலும், அவர் தமக்காக அழவில்லை. தம் தலைமுறை என்றென்றும் இருக்கப்போவதில்லை, ஆகவே இளைய பெண்கள் இன்னும் அதிகமாக உழைக்க வேண்டும் என்று கேமராவைப் பார்த்து மன்றாடினார்.

அதைக் கேட்டபோது எனக்குத் தாவீது ராஜா நினைவுக்கு வந்தார். தேவாலயத்தைக் கட்ட வேண்டும் என்பது தாவீதின் வாஞ்சை. அது அவருக்கு அருளப்படவில்லை. அவர் மனம் கசந்து ஒதுங்காமல், பொன்னையும் வெள்ளியையும் இரும்பையும் கேதுரு மரங்களையும் திரளாகச் சேர்த்துவைத்தார். கட்டியவன் சாலொமோன், கட்டுவதற்கு வேண்டியதைச் சேர்த்தவர் தாவீது. தன் கண் காணாத ஆலயத்துக்காக உழைப்பதே விசுவாசத்தின் உயர்ந்த வடிவம் என்று நான் நினைக்கிறேன். மார்த்தாவின் சொந்த விசுவாசத்தைக் குறித்து நான் இங்கே பேசவில்லை. அவர் வாழ்வில் தெரிகிற இந்தக் குணத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். 2027 மகளிர் உலகக் கோப்பை பிரேசிலில் நடைபெறவிருக்கிறது. ஒருகாலத்தில் பெண்கள் பந்து விளையாடுவதைச் சட்டத்தால் தடுத்த நாட்டில், உலகத்தின் பெண்கள் வந்து ஆடப்போகிறார்கள். அதற்கான மரங்களைச் சேர்த்தவர்களில் மார்த்தாவும் ஒருவர்.

கீட்டோவில் நடந்த அந்த இறுதிப் போட்டியின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். கூடுதல் ஆட்டத்தில் மார்த்தா இன்னொரு கோலும் அடித்தார். கொலம்பியா அதையும் சமன் செய்து, ஆட்டம் 4-4 என்று முடிந்தது. பெனால்டி உதைகளில் மார்த்தாவின் உதை தடுக்கப்பட்டது. 2007-இல் நடந்ததே மீண்டும்! ஆனால் இம்முறை அவரைவிட மிகவும் இளையவர்கள் தங்கள் உதைகளைச் சேர்த்தார்கள், பிரேசில் வென்றது. அவர் தவறியபோது தாங்கிப் பிடித்தவர்கள், அவரைப் பார்த்து வளர்ந்த பெண்கள்.

பிரியமானவர்களே, நம் பிள்ளைகள் விளையாட வேண்டும் என்று நான் சொல்வது பதக்கத்துக்காக அன்று. கர்த்தர் தந்த சரீரத்தோடு ஓடவும், விழுந்தால் எழும்பவும், தோற்றபின் எதிரணியின் கையைப் பிடித்துக் குலுக்கவும் ஒரு மகள் கற்றுக்கொள்வது நன்மையானது. அதை மகனுக்கு மட்டும் கொடுத்து மகளுக்கு மறுப்பதற்கு வேதத்தில் ஆதாரம் இல்லை. வழக்கத்தில் இருக்கிறது, வழக்கம் வேதமாகிவிடாது.

உங்கள் தயக்கங்களை நான் அறிவேன். வெயிலில் கறுத்துப்போவாள் என்பீர்கள். கறுப்பு நிறத்தைக் குறையாக எண்ணும் பாவத்துக்கு நாம்தான் மனந்திரும்ப வேண்டும், அவள் அல்ல. உடை குறித்துக் கேட்பீர்கள். கண்ணியமான விளையாட்டு உடை எது என்று தாய்மார்களும் பிள்ளைகளும் கூடிப் பேசித் தீர்மானிக்கட்டும். காலில் அடிபட்டால் நாளை வரன் பார்க்கும்போது கஷ்டம் என்பீர்கள். மகனுக்கு அடிபட்டபோது நாம் அப்படிச் சொன்னதில்லை. பாதுகாப்பு பற்றிக் கேட்பீர்கள். அது மெய்யான கவலை. அதற்கு விடை மைதானத்தைப் பூட்டுவது அன்று. பெரியவர்களாகிய நாம் மைதானத்தில் போய் நிற்பது.

பெத்தானியாவில் மரியாள் இயேசுவின் பாதத்தருகே உட்கார்ந்தபோது, அவளை எழுப்பி வேலைக்கு அனுப்பும்படி கேட்கப்பட்டது. ஆண்டவர் அவளை எழுப்பிவிடவில்லை. அவள் தெரிந்துகொண்டது அவளைவிட்டு எடுக்கப்படாது என்றார். பெண்பிள்ளைகளின் கையிலிருந்து எதையாவது எடுத்துக்கொள்ள நாம் கை நீட்டும் ஒவ்வொரு முறையும், அந்த வீட்டில் ஆண்டவர் யார் பக்கம் நின்றார் என்பதை நினைத்துக்கொள்வோம்.

ஆகவே நான் செய்யப்போவதைச் சொல்லுகிறேன். வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் அந்த மகளிடம் மன்னிப்புக் கேட்பேன். சேகரக் கமிட்டியின் அடுத்த கூட்டத்தில் இதை முதல் பொருளாக வைப்பேன். சனிக்கிழமை மாலைகளில் நம் பள்ளி மைதானத்தில் ஒரு மணிநேரம் பெண்பிள்ளைகளுக்காக ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் விண்ணப்பம். பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து இருவர் முறை வைத்து வந்து உடனிருந்தால் நலம். பந்து ஒன்றை நான் வாங்கித் தருகிறேன். அவர்கள் ஏழு பேர் இருக்கிறார்கள். இன்னும் நான்கு பேர் சேர்ந்தால் ஓர் அணி ஆகிவிடும். உங்கள் வீட்டில் ஒருத்தி இருக்கிறாளா என்று இன்றிரவு கேட்டுப் பாருங்கள். கேட்கும்போது, "அடுத்த வருஷம்" என்று மட்டும் சொல்லிவிடாதேயுங்கள்.

ஜெபிப்போம்: அன்பின் பரம பிதாவே, வாசலில் வந்து நின்று கேட்ட மகள்களின் நியாயத்தைக் கேட்டவரே, எங்கள் பிள்ளைகள் கேட்டபோது நாங்கள் சிரித்துக் கடந்துபோனதை மன்னியும். உம்முடைய சாயலை அவர்களில் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். நாங்கள் காணப்போகாத ஆலயத்துக்கும் மரம் சுமக்கும் மனதைத் தாரும். இயேசு கிறிஸ்துவின் மூலம் ஜெபம் கேளும், நல்ல பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் ஆயர்